விடை அளிப்பவர் யார்?

பெட்டகச் சாவியைக் கண்ணெனக் காக்கும் நம் சங்கங்கள், கணினி வழியே செல்லும் செய்தியைக் காப்பதில்லை. புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 2018 ஆகஸ்டில் சுமார் 94 கோடி ரூபாய் களவு போயிற்று. பெட்டகம் உடைபடவில்லை. பெரும்பகுதி பல நாட்டு ஏ.டி.எம்.களில் எடுக்கப்பட்டது. அங்கிருந்து வந்த வினாக்கள் வங்கியின் கணக்கேட்டை எட்டுமுன்பே, இடையில் நுழைந்த போலி இணைப்பு ‘கொடுக்கலாம்’ என விடையளித்துவிட்டது!

செய்தியைச் சங்கேதத்தில் பூட்டி அனுப்புதல் பாதிக் காரியமே. எதிர்முனையில் இருப்பவர் உரியவர்தாமா என்று சோதித்தல் மறுபாதி. அரக்கு முத்திரையை நோக்காது அக்காலத்தில் எவரும் உறையைப் பிரித்ததுண்டோ? வடலூர் வட்டாரத்தில் ஒரு சங்கத்தில், கணக்கு எண்ணை மாற்றக் கோரிய மின்னஞ்சலை எவரையும் விசாரியாமலே நிறைவேற்றியிருந்தனர். முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் கேட்க இரண்டு நிமிடமாகுமா? நெசவுக் கூலியும் மணிலா விலைப்பணமும் வரும் வழி இதுவே. அங்கத்தினர்கள் அடுத்த மகாசபையில் இதனைக் கேட்பார்களாக.