கடைசி மாணவன் வருமளவும்

ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கு முன்னர், மரதன் ஓட்டம் என்னும் பெயரால் எமது கல்லூரியில் ஒரு வீதியோட்டம் நடைபெறுவதை இம்மலரைப் படிக்கும் அன்பர் யாவரும் அறிவர். அன்று இல்லக்கொடிகள் பறக்கும். தாய்மார் படலையடியில் செம்பும் தண்ணீருமாக நிற்பர். சிறுவர் துவிச்சக்கரவண்டிகளில் ஓட்டக்காரரைப் பின்தொடர்வர். முதற் பத்து மாணவர் வந்து சேர்ந்ததும் ஆரவாரம் அடங்கும், நாடாவைச் சுருட்டுவர், மேசையை உள்ளே எடுப்பர். அதன்பின் வருகின்ற மாணவன் யாவன், எத்தனையாவதாக வந்தான், எந்நிலையில் வந்தான் என்று குறிப்பார் இலர். எமது கல்லூரியில் மட்டுமன்று, அயற் பாடசாலைகள் பலவற்றிலும் இதுவே வழக்கம். இவ்வழக்கம் மாறல் வேண்டும் என்பதே யான் ஈண்டு வற்புறுத்த விரும்பும் கருத்து.

இலக்கணம் கற்பிப்பவனுக்கு ஓட்டத்தில் என்ன அலுவல் என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அன்னோர்க்கு எனது அனுபவத்தையே விடையாகக் கூறுவேன். யான் பயின்றது வேறொரு சிறிய பாடசாலை. 1992 ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பிற் படிக்கையில், ஏறத்தாழ ஆறு மைல் ஓட்டமொன்றில் வெறுங்காலுடன் கலந்துகொண்டேன். முதல் மைலில் முன்னணியிலே சென்றேன். மூன்றாம் மைலில் விலாப் பிடித்தது. ஐந்தாம் மைலில் எனக்குப் பின்னே ஒருவரும் இல்லை. நொண்டி நொண்டி வாயிலை அடைந்தபோது அங்கே காவலாளி ஒருவரே நின்றார். “தம்பி, எல்லாம் முடிஞ்சுது, வீட்டை போ ராசா” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆயினும் அந்தச் சொல் என் கால்களைக் கட்டிவிட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகள் யான் ஓடவில்லை.

மீண்டும் ஓட வைத்தது நீரிழிவு. இரத்தத்திற் சீனி கூடியுளது என வைத்தியர் உரைத்த நாளிலே எனக்கு வயது நாற்பத்து மூன்று. மறுநாள் வைகறையில், இழந்த முப்பது ஆண்டுகளையும் ஒரே காலையில் மீட்பவன்போலக் குளக்கட்டு வீதியிலே விரைந்தோடினேன். பின்னால் இரண்டு நாய்கள் துரத்தின. நானூறு யாருக்குள் நாய்களும் களைத்தன, யானும் களைத்தேன். மூன்று வாரங்கள் கணைக்கால் எலும்பு நொந்தது. அதன் பின்னரே, ஓட்டத்திற்கும் பாடத்திற்கும் முறை ஒன்றே என்பதை உணர்ந்தேன். அரிச்சுவடி படியாதவன் இலக்கணம் படித்தல் இயலாது. நடக்கப் பழகாத உடம்பு ஓடுதலும் இயலாது.

இம்முறையை உலகிற்கு எடுத்துக் காட்டியவருள் ஒருவர் நியூசிலாந்து நாட்டவரான ஆதர் லிடியாட். அவர் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நண்பரொருவருடன் சில மைல் ஓடி மூச்சிரைத்த நாளிலேதான் தமது உடல் எத்துணைத் தளர்ந்துளது என்பதை அறிந்தார். பின்னர்ப் பல ஆண்டுகள் தம் உடலையே சோதனைக்களமாக்கி நெடுந்தூரத்தை நிதானமாக ஓடும் முறையைக் கண்டார். ஓடும்போது அருகில் வருபவருடன் பேச முடிதல் வேண்டும்; பேச முடியாவிடின் வேகம் மிகுந்துவிட்டது என்பது அவர் வழி வந்தோர் கூறும் எளிய அளவுகோல். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணாக்கரான பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மரே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் ஒரே நாளிற் பொற்பதக்கம் பெற்றனர். அதனினும் பெரியது பின்னர் நிகழ்ந்தது. 1962 இல் ஓக்லாந்து நகரிலே, இருதய நோயுற்றவரும் நடுவயதினரும் சேர்ந்து மெல்லோட்டம் பயிலும் கழகம் ஒன்று அவருடைய ஊக்கத்தால் எழுந்தது. வெற்றி வீரருக்கு வகுத்த முறை நோயாளருக்கும் பொருந்தியது.

இதற்குக் காரணமும் உளது. நிதானமாகப் பலநாள் ஓடும்போது இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்தப் பழகுகிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. இவை சில வாரங்களில் நிகழ்வன. எலும்பும் தசைநாணும் உறுதிபெறவோ மாதங்கள் செல்லும். ஆகவே மூச்சு இடங்கொடுத்தாலும் கால் இடங்கொடாத காலம் ஒன்றுண்டு. அக்காலத்தில் அவசரப்படுபவனே காயமுறுகின்றான். என் கணைக்கால் நோவும் அவ்வாறு வந்ததே. ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, வாரத்தில் மூன்று நாள் பயின்று, எட்டாம் மாதத்திற் பத்துக் கிலோமீற்றரை நில்லாது ஓடினேன். சீனியின் அளவும் இறங்கியது. வைத்தியர் மருந்தைக் குறைத்தார்.

இனிச் சப்பாத்தைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்திலே றப்பர்ச் செருப்புக்குப் ‘பாட்டா’ என்றே பெயர். அப்பெயருக்குரிய நிறுவனம் தோன்றிய செக் நாட்டுச் சிலின் நகரத் தொழிற்சாலையில் எமில் சாட்டோபெக் என்னும் இளைஞர் வேலை செய்தார். 1941 இல் தொழிற்சாலையின் ஓட்டப் போட்டிக்கு அவரை அழைத்தபோது, உடல்நலமில்லை எனக் கூறித் தப்ப முயன்றார். வைத்தியர் விடவில்லை. நூறு பேர் ஓடிய அப்போட்டியில் அவர் இரண்டாவதாக வந்தார். பின்னாளிற் கனத்த இராணுவச் சப்பாத்துகளை அணிந்தும் பயிற்சி செய்த அவர், 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் என்னும் மூன்றிலும் வென்றார். அதற்கு முன்னர் அவர் மரதன் ஓடியதே இல்லை.

எதியோப்பியரான அபேபே பிக்கிலாவோ, புதுச்சப்பாத்து காலுக்குப் பொருந்தாமையால், 1960 இல் ரோம் நகர வீதிகளில் வெறுங்காலுடன் ஓடி மரதன் வென்றார். நாலாண்டின் பின் டோக்கியோவிற் சப்பாத்தணிந்து மீண்டும் வென்றார். இவ்வீரர் இருவர் கதையாலும் பெறப்படுவது யாது? சப்பாத்து வெற்றியைத் தருவதில்லை. பொருந்தாத சப்பாத்து வெறுங்காலினும் தீது. இன்று அடித்தடிப்பு மிகுந்து, உள்ளே கரிநார்த் தகடு பொதிந்து, ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தை விழுங்கவல்ல சப்பாத்துகள் விற்பனையாகின்றன. 2020 இல், வீதியோட்டச் சப்பாத்தின் அடித்தடிப்பு 40 மில்லிமீற்றரை விஞ்சலாகாது என உலக மெய்வல்லுநர் நிறுவனம் விதிசெய்யும் அளவுக்கு இப்போட்டி வளர்ந்தது. நம் மாணவருக்கு அவை வேண்டா. பெருவிரலுக்கு முன்னே ஒரு விரலகலம் இடமிருத்தல், குதிகால் வழுகாதிருத்தல், கால் சற்றே வீங்கியிருக்கும் மாலைவேளையில் அளவு பார்த்து வாங்குதல் என்னும் மூன்றையும் கவனித்தாற் போதும். ஆனால் அந்தச் சாதாரணச் சப்பாத்தும் இல்லாத பிள்ளைகள் எமது வகுப்பறைகளில் உளர். வெயிலிற் கொதிக்கும் தார் வீதியில் அவர்களை வெறுங்காலுடன் ஓடவிட்டுவிட்டு, பிக்கிலாவின் பெயரைச் சொல்லித் தப்புதல் நமக்கு அழகன்று. பழகிய காலும் பழகாத காலும் ஒன்றல்ல.

இங்ஙனம் ஆயத்தமின்றி ஓடவிடுதலின் தீமை புண்பட்ட பாதத்தோடு முடிவதன்று. 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிழக்கு மாகாணத்திலே பாடசாலை மாணவரொருவர் மரதன் ஓட்டத்தின்போது மயங்கி, உயிரிழந்த துயரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார். அத்துயரின் காரணத்தை ஆராய்தல் என் தகுதிக்கு உட்பட்டதன்று. ஆயினும் ஒன்று கேட்பேன்: கடைசியில் வரும் மாணவனை எதிர்பார்த்து ஒருவரும் நில்லாத ஓட்டத்தில், வழியிலே ஒரு பிள்ளை வீழ்ந்தால் அதனை எவர் அறிவர்? எண்ணிக்கை பாராதவன் குறைவை எங்ஙனம் அறிவான்? கோட்டடியிற் கடைசிவரை நிற்றல் மரியாதை மட்டுமன்று, அதுவே காவலும் ஆகும்.

மரியாதையைப் பற்றியும் நம் நாட்டு வரலாறே பேசுகின்றது. 1958 ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணத்தவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குப் பொற்பதக்கம் ஈட்டினார். ஆறாண்டின் பின் அதே மைதானத்தில், 1964 ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில், இலங்கை இராணுவ வீரரான ரணதுங்க கருணானந்த ஓடினார். அவர் இலக்கம் 67. அமெரிக்கரான பில்லி மில்ஸ் முதலாவதாக வந்தார். ஏனையோரும் ஒவ்வொருவராய் முடித்தனர். கருணானந்த மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தார். முதலிற் பார்வையாளர் சிரித்தனர். அவர் மீண்டும் சுற்றிவந்தபோது அம்மைதானம் அமைதியுற்றது. அவர் இறுதிக் கோட்டைத் தொட்டபோதோ, வென்றவருக்கு எழுந்த ஆரவாரம் அவருக்கும் எழுந்தது. பின்னர் அக்கதையைச் சப்பானியர் தம் சிறுவரின் பாடநூலிற் சேர்த்தனர். ஒரே மைதானத்தில் ஓர் இலங்கையர் முதலாவதாக வந்து புகழ்பெற்றார். வேறோர் இலங்கையர் கடைசியாக வந்து பாடமானார். அந்நிய நாட்டார் நம்மவரிடம் கற்ற பாடத்தை நாம் கல்லாதிருத்தல் தகுமோ?

இதற்கு மறுப்புக் கூறுவார் இருவகையினர். எல்லார்க்கும் மதிப்பளித்தால் வெற்றிக்கு மதிப்புக் குறையும் என்பர் ஒரு சாரார். வெற்றிக்கிண்ணம் வென்றவனுக்கே உரியது. அதனைப் பங்கிடுமாறு யான் கூறவில்லை. யான் விடைத்தாள் திருத்துபவன். சிறந்த பத்து விடைத்தாள்களைத் திருத்திவிட்டு, எஞ்சிய முப்பதையும் கட்டிவைத்தால் அதிபர் என்னை வாளா விடுவரோ? முப்பத்தைந்து புள்ளி பெற்றவனும் தன் புள்ளியை அறிதல் வேண்டும். அடுத்த தவணையில் நாற்பது பெறுதற்கு அதுவே படி. ஓட்டத்தில் மட்டும் அந்நீதி ஏன் இல்லை?

ஓட்டம் படிப்பைக் கெடுக்கும் என்பர் மற்றொரு சாரார். வைகறையிற் பாடம், பகலிற் பாடசாலை, மாலையிலும் இரவிலும் தனியார் கல்வி நிலையம் என்று நாற்காலியோடு ஒட்டிய வாழ்வையே இன்று நம் பிள்ளைகளுக்கு வகுத்துள்ளோம். 1953 இல் இலண்டனில் ஜெரி மொரிஸ் என்னும் வைத்திய ஆய்வாளர், இருமாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளையும், படியேறி இறங்கிய நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நடத்துநரிடையே இருதய நோய் குறைந்திருக்கக் கண்டார். பிள்ளைகளைச் சாரதியின் இருக்கையில் இருத்திவிட்டு நீண்டநாள் வாழ்க என வாழ்த்துதல் முரணன்றோ? சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைதல் வேண்டும்.

ஆகவே இவ்விழா ஆண்டிலே கல்லூரிச் சமூகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஓட்டத்திற்கு எட்டு வாரம் முன்னரே வாரம் மூன்று நாட் பயிற்சி தொடங்குதல் வேண்டும். அப்பயிற்சியிற் சேராதவனையும், வைத்தியர் இசையாதவனையும் ஓடவிடலாகாது. வெயிலுக்கு உடல் பழகுதற்கு இரு வாரமளவு செல்லும் ஆதலின், பயிற்சியின் பிற்பகுதியில் அதற்கும் இடமளித்து, போட்டியை விடியற்காலையிலேயே முடித்தல் வேண்டும். வழியிலே தண்ணீரும், முடிவிடத்தில் மயங்கியவனை உடன் குளிர்விக்கத்தக்க குளிர்நீரும் நிழலும் முதலுதவியாளரும் இருத்தல் வேண்டும். ஓடி முடித்த ஒவ்வொருவனும் தன் இல்லத்திற்கு ஒரு புள்ளியேனும் ஈட்டுதல் வேண்டும். கடைசி மாணவன் வருமளவும் நாடா சுருட்டப்படலாகாது. அவன் நேரமும் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்காள்! நீவிர் ஆண்டுதோறும் அன்புடன் அனுப்பும் கிண்ணங்களால் அதிபரின் அலுமாரி நிறைந்துளது. இவ்வாண்டு ஒரு கிண்ணத்தின் விலைக்குச் சில சோடிச் சப்பாத்துகளை அளவறிந்து அனுப்புவீராக. ஒரு மாணவனுக்குச் சிறுத்தது மற்றொருவனுக்குப் பொருந்தும்; நூல்நிலையம் போல அதுவும் ஒரு நிலையமாக நிலைபெறும். ஊரில் உள்ள பழைய மாணவர்காள்! நீவிர் பார்வையாளராக அன்றி, மெல்லோட்டக்காரராக மாணவர் பின்னே வருவீராக. கடைசி மாணவனோடு ஒரு மூத்தவர் பேசிக்கொண்டே ஓடிவருவாராயின், அவன் தனியன் அல்லன்.

அடுத்த ஆண்டு ஓட்டத்தில் யானும் ஓடுவேன். என் வேகத்தை யான் அறிவேன். கடைசியாக வரும் வாய்ப்பு எனக்கே மிகுதி. அன்று வாயிலிலே நாடாவைப் பிடித்தபடி இருவர் நிற்பாராயின், 1992 இல் வீடு திரும்பிய அந்தச் சிறுவனும் என்னோடு சேர்ந்து கோட்டைக் கடப்பான்.