எந்த விதி என் விதி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி)

விதி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று தலையில் எழுதியது. மற்றொன்று தாளில் எழுதியது. சென்ற ஏப்ரலில் எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன.

கோடைக்காலப் பயிற்சி ஒன்றுக்கு எங்கள் வகுப்பில் நால்வர் விண்ணப்பித்திருந்தோம். மூவருக்குக் கல்லூரி மின்னஞ்சலில் நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது, எனக்கு வரவில்லை. மதிப்பெண் போதவில்லை போலும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வராத கடிதத்தை எங்கே போய்த் தேடுவது என்று சொல்லித்தர வீட்டில் எவருமில்லை. நேர்முகத் தேர்வு முடிந்து ஆறு நாள் கழித்துத்தான், மின்னஞ்சல் பொறுப்பிலுள்ள ஆசிரியர் ஒருவர் தேடிப் பார்த்து, கடிதம் 'குவாரன்டைன்' என்னும் அடைப்பறையில் கிடப்பதைக் காட்டினார். அது அங்கே கிடந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் அஞ்சல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சேவையில் இயங்குகிறது. ஸ்பேம் எனப்படும் குப்பை அஞ்சலைத் தடுக்க அதில் பல விதிகள் எழுதலாம். ஒவ்வொரு விதியும் யார் யாருக்கு என்பதை ஆளின் பெயராலோ, குழுவின் பெயராலோ, முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயராலோ சொல்லவேண்டும். எவ்விதியிலும் அகப்படாதவருக்குக் கடைசியில் பொது விதி ஒன்று இருக்கிறது.

நான் இரண்டு குழுக்களில் இருந்தேன். தேர்வுப் பணிக்கு உதவும் மாணவர் குழு ஒன்று. இரண்டாம் ஆண்டு மாணவர் குழு மற்றொன்று. முதற்குழுவுக்குக் கடுமையான விதி. போலிச் சுற்றறிக்கைகளுக்கு அஞ்சி எழுதியது. இரண்டாங்குழுவின் விதி தளர்ந்தது. அன்றியும், பயிற்சி தரும் நிறுவனத்தின் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும்படி நாங்கள் நால்வருமே கேட்டு, இந்த இரண்டாம் விதியில் சேர்த்தும் இருந்தார்கள். பின் என் கடிதம் மட்டும் ஏன் நின்றது?

விதிகளுக்கு முன்னுரிமை எண் உண்டு. 0 என்பதே முதலிடம். எண் கூடக்கூட இடம் கீழே போகும். அவ்வரிசையில் மேலிருந்து இறங்கிவரும்போது ஒருவரைப் பிடிக்கும் முதல் விதி எதுவோ, அதுவே அவருடைய விதி. கீழே உள்ளவை அவரைப் பொறுத்தவரை எழுதப்படாதவையே. தேர்வுக் குழுவின் விதி 0. வகுப்பின் விதி 1. ஆகவே 1-இல் இருந்த அனுமதியை எனக்காக யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மொத்தமாக அனுப்பப்படும் அஞ்சலுக்கு 0 முதல் 9 வரை ஓர் அளவு இடுவார்கள். புகார் மிகுந்த அனுப்புநருக்கு எண் மிகும். என் கடிதத்தின் தலைப்புக் குறிப்பில் இருந்த எண் 6. பொது விதியில் தடுப்பு எல்லை 7. அதன்கீழ் இருந்திருந்தாலும் கடிதம் வந்திருக்கும். தேர்வுக் குழுவின் விதியில் எல்லை 5.

இதைச் சரிசெய்யப் போனபோது நடந்தது இன்னும் வேடிக்கை. நல்லெண்ணத்தோடு, வகுப்பின் விதியில் குழுவின் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் என் பெயரையும் எழுதினார்கள். பள்ளியில் கணங்கள் படித்தவர்களுக்கு இது புரியும். ஒரே கட்டத்தில் இரு பெயர் எழுதினால் சேர்ப்பு. இவரோ அவரோ, இருவருக்கும் பொருந்தும். வேறு வேறு கட்டத்தில் எழுதினால் வெட்டு. இரண்டு நிபந்தனைக்கும் உட்பட்டவருக்கே பொருந்தும். அதாவது 'இரண்டாம் ஆண்டுக் குழுவில் இருக்கவேண்டும், இவளாகவும் இருக்கவேண்டும்' என்று ஆயிற்று. வகுப்பு முழுவதும் வெளியேறிப் பொது விதிக்குப் போனது. நானோ 0-இலேயே பிடிபட்டு நின்றேன். யாருக்குமே இல்லாத ஒரு விதி நான்கு நாள் அங்கே இருந்தது! (கணிதம் எதற்கு உதவும் என்று கேட்கும் நண்பர்கள் கவனிக்க.)

இரண்டு விதிகளையும் கலந்து, இரண்டிலும் நல்லதை எடுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். நானும் முதலில் கோபத்தில் அப்படித்தான் கேட்டேன். இப்போது அது தவறு என்றே எண்ணுகிறேன். நல்லது எது? எனக்குத் தளர்ந்தது நல்லது. தேர்வுப் பிரிவுக்குக் கடுமையானது நல்லது. கலந்தால், எங்கேயோ ஒரு பட்டியலில் இட்ட அனுமதி எல்லாக் காவலையும் உடைத்துவிடும். அனுமதிப் பட்டியலே ஆபத்தானது. அதிலுள்ள முகவரியைப் போலியாக இட்டு எவனோ எழுதும் அஞ்சலும் உள்ளே நுழைய இடமுண்டு. ஆகவே முதல் விதியோடு நிற்பது யந்திரத்தின் குற்றமன்று.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த விதிக்கு 0 ஏன் வந்தது என்று கேட்டேன். முதலில் எழுதப்பட்டது, அவ்வளவுதான் என்றார்கள். எந்த விதி எதற்கு முந்தவேண்டும் என்று உட்கார்ந்து எவரும் முடிவு செய்யவில்லை. தேர்வுப் பணிக்குக் கையெழுத்திட்ட நாளில், உன் அஞ்சலுக்கு இனி வேறு விதி என்று எனக்கு எவரும் சொல்லவுமில்லை. உதவ முன்வந்தவளுக்கு ஒரு வாய்ப்பு போயிற்று. முன்வராத மூவருக்கு அது கிடைத்தது. அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தக் கணக்கு சரியா என்று ஆசிரியப் பெருமக்களே சொல்லட்டும்.

அடைப்பறையில் கடிதம் கிடக்கிறது என்று உரியவருக்குத் தெரிவிக்கும் வசதி அதே சேவையில் இருக்கிறது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறையோ, நாள்தோறுமோ, வாரந்தோறுமோ அறிவிப்பு வரச் செய்யலாம். நம் விதியில் அது திறக்கப்படாமல் இருந்தது. அடைப்பறையில் கடிதம் இருப்பது மிஞ்சிப்போனால் 30 நாள். அதன்பின் அழிந்துவிடும், மீட்க இயலாது. நான் கேட்காமலே இருந்திருந்தால் எனக்கு அப்படியொரு கடிதம் வந்ததே தெரியாமல் போயிருக்கும்.

அறிவிப்பு இப்போது நாள்தோறும் வருகிறது. இன்னும் ஒன்று கேட்கிறேன்: எந்தக் குழுவுக்கு எந்த விதி, அதன் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி, தேர்வு அட்டவணை ஒட்டும் பலகையிலேயே ஒட்டலாம். மொத்தம் ஐந்தாறு வரிதான் வரும். அதுவரையில், இரண்டாவதாக ஒரு குழுவில் சேரும் நண்பர்கள் கையெழுத்திடுமுன் அக்குழுவின் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.