மணி என்று பேர் வந்த விதம்

மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் நாய்க்குட்டிக்குப் பேர் வைப்பதில் மூன்று நாள் சண்டை நடந்தது. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்த கருப்புக் குட்டி. வீட்டுப் பையன் ஸ்கூல் பைக்குள் போட்டுத் தூக்கி வந்துவிட்டான். அவனுக்கு சீசர் என்று வைக்க ஆசை. தங்கச்சிக்கு பப்பி. அப்பாவுக்கு டைகர். பெருச்சாளி சைஸில் இருந்த ஒன்றுக்கு டைகர்!

அப்பத்தா இந்தப் பஞ்சாயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. நாயை வீட்டுக்குள் விடக்கூடாது என்பதுதான் அவர் கட்சி. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி இருட்டில், கொல்லைப்படியில் சுருண்டு கிடந்த குட்டியை மிதிக்க இருந்தார். மறுநாள் காலையில் பழைய சாமான்களைக் குடைந்து, எப்போதோ ஆட்டுக்குட்டிக்குக் கட்டியிருந்த சின்ன மணியை எடுத்துக் கயிற்றில் கோர்த்து அதன் கழுத்தில் கட்டிவிட்டார். பாசம் எல்லாம் ஒன்றும் இல்லை, வருவது காதில் விழவேண்டும் என்பதற்காக. மீந்த சோற்றை வைக்கும்போது "ஏ மணி, எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று கூப்பிட, குட்டி உருண்டு புரண்டு ஓடி வந்தது. அவ்வளவுதான். சீசர், பப்பி, டைகர் மூன்று பேரும் டெபாசிட் இழந்தார்கள்.

நாய்க்குப் பேர் வைப்பது வீட்டில் இருப்பவர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சோறு வைக்கிற கைதான் வைக்கிறது. மற்றவர்கள் வைப்பதெல்லாம் பரிந்துரை.

நம் ஊரில் பிள்ளைக்குப் பேர் வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நட்சத்திரத்துக்கு எந்த எழுத்து, தாத்தா பேரா, குலசாமி பேரா, கூட்டு எண் எத்தனை, மாமனார் வீட்டில் கோபித்துக்கொள்வார்களா... வீட்டில் இது எதுவும் இல்லாமல் வைக்கப்படுகிற ஒரே பேர் நாயின் பேர்தான். அதனால்தான் அதில் அந்த வீட்டின் உள்மனசு கொஞ்சம் தெரிந்துவிடுகிறது.

ஜிம்மி, டாமி, ரோஸி என்று இங்கிலீஷில் வைப்பதைக் கிண்டல் செய்ய ஒரு கூட்டம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவில் இருந்து தெருவுக்கு இறங்கி வந்த பேர்கள் என்பது சரிதான். ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல்துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டது. அதை வாங்கி வந்து ராக்கி என்று கூப்பிடுவது கொஞ்சம் வேடிக்கைதான். அதற்காக அடிமைப் புத்தி என்று பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தேவையில்லை. மணி, ஜிம்மி, டாமி, ரோஸி, நான்கையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் குட்டைப் பேர், கடைசியில் ஒரு இகரம். வாசலில் நின்று "மணீ...ஈ" என்று தெருமுனை வரைக்கும் இழுக்கலாம். தூய தமிழில் செங்குட்டுவன் என்று வைத்தாலும் ஒரு வாரத்தில் குட்டி என்றாகிவிடும். கூப்பிடுகிற வாய்க்கு வசதி வேண்டாமா?

ஊர் உலகமே கொண்டாடுகிற நாய்களின் பேர்களும் அப்படி ஒன்றும் ரூம் போட்டு யோசித்தவை இல்லை. ஜப்பானில் இறந்துபோன எஜமானருக்காக ஷிபுயா ரயில் நிலையத்தில் 1925-ல் இருந்து 1935-ல் சாகும்வரை காத்திருந்த ஹச்சிகோவின் பேரில் உள்ள 'ஹச்சி'க்கு எட்டு என்று அர்த்தம். வெறும் நம்பர்! 1957-ல் ரஷ்யர்கள் விண்வெளிக்கு அனுப்பிய லைக்கா, மாஸ்கோ தெருவில் திரிந்த நாய். முதலில் அதற்குச் சுருட்டைமுடிக்காரி என்கிற மாதிரி குத்ரியாவ்கா என்று ஒரு பேர் இருந்தது. லைக்கா என்றால் குரைக்கிறவள். அந்தப் பேரில்தான் அது திரும்பி வராமல் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு அந்த இரண்டு பேரையும் கேட்டால் மனசு என்னவோ செய்கிறதே, அது பேருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

மகாபாரதத்தில் தருமரோடு கடைசிவரை நடந்து வந்த நாய்க்குப் பேரே கிடையாது. அதை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று அவர் நின்றார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்பு பகுதியில், பக்கத்து வீட்டு நாயைப் பேர் சொல்லாமல் "நாய்" என்று சொன்னதில் மூண்ட தகராறில், 62 வயது விவசாயி ஒருவர் அடிபட்டுச் செத்துப்போனார். நாயை நாய் என்று சொன்னதற்கு ஒரு உயிர்! பேரைச் சொல்லவில்லை என்று அந்த நாயா கோபித்துக்கொண்டது? வளர்த்தவர்களின் கௌரவத்தை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும். பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரரின் பேரை நாய்க்கு வைத்துவிட்டு, வேண்டுமென்றே அவர் காதில் விழும்படி அதட்டுகிறவர்களும் இதே ஜாதிதான். அங்கே நாய் வெறும் சாக்கு. அதைக் கூப்பிடுவதற்காக வைத்த பேரே இல்லை அது.

மதுரை வீட்டுக்கு வருவோம். பையன் லேசில் விடவில்லை. தடுப்பூசி போடக் கூட்டிப்போனபோது கால்நடை மருத்துவமனை அட்டையில் 'சீசர்' என்று எழுதி வாங்கிவிட்டான். அடுத்த வருஷம் அப்பத்தாவும் கூடப் போனார். "சீசர் யாரு, சீசர்?" என்று உள்ளேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நாய் பெஞ்சுக்கு அடியில் படுத்து ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பத்தா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "மணி, வாடா போவோம்" என்றார். வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போனது.

கழுத்து பெருத்து, கயிறு இறுக்கி, அந்த மணியை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். அப்பத்தாவும் இப்போது இல்லை. அட்டையில் சீசர் என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே மணி என்று எழுதியிருக்கிறது. பையனின் கையெழுத்துதான்.