முத்தகமாகத் திரைப்பாட்டு: குலசேகரன்பட்டினத் தசராவை முன்வைத்துத் தனிப்பாட்டு மதிப்பீடு குறித்த ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்திலிருந்தோ இசைத்தொகுப்பிலிருந்தோ பிரிந்து தனியே வழங்கும் பாட்டை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பது இக்கருத்துரையின் வினா. சொல்லை மட்டும் அச்சில் வைத்து ஆராயும் வழக்கம் இதற்குப் போதாது. தண்டியலங்காரம் கூறும் செய்யுள் வகைமையும், தொகை நூல்களின் துறைக்குறிப்பு மரபும் தகுந்த அடிப்படையைத் தருகின்றன. குலசேகரன்பட்டினம் தசரா விழாவில் ஒலிக்கும் பாடல்களைச் சுற்றி எழுந்துள்ள சிக்கல் இதற்குக் களமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முத்தகம், தொடர்நிலை, வண்ணமெட்டு, துறைக்குறிப்பு, தசரா, திரைப்பாடல்.

முன்னுரை

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கிய குலசேகரன்பட்டினம், திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். இங்குள்ள ஞானமூர்த்தீஸ்வரர் உடனுறை முத்தாரம்மன் கோயிலின் தசரா விழா பத்து நாள்கள் நடைபெறுகிறது. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசூரசம்ஹாரம் நிகழும். அடியவர்கள் விரதமிருந்து காப்புக் கட்டி, காளி, அரசன், குரங்கு, காவலர், பிச்சைக்காரர் எனப் பல வேடம் புனைந்து, ஊர்தோறும் குழுவாகச் சென்று காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துகின்றனர். மேளமும் ஆட்டமும் பாட்டும் இல்லாத தசராக் குழு இல்லை.

இக்குழுக்களின் பாட்டு ஒரே தன்மையதன்று. அம்மன் புகழ் பாடும் பழைய பாட்டு, திரைப்பாட்டின் மெட்டில் முத்தாரம்மன் பெயரை அமைத்து எழுதிய பாட்டு, பக்தி இசைத்தொகுப்புகளில் வெளிவந்த பாட்டு, நேரடியான திரைப்பாட்டு ஆகிய அனைத்தும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. விழாவில் ஆபாச நடனங்களைத் தடுக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் தொடரப்பட்டன; அத்தகைய ஆட்டத்துக்கு எதிராக நீதிமன்றம் ஆணையும் பிறப்பித்துள்ளது. பக்திப் பாடல் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்ற குரலும் ஆண்டுதோறும் எழுகிறது.

ஆட்டத்தைப் பற்றிய ஆணையின் தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் பாட்டைப் பற்றிய தீர்ப்பு என்று வரும்போது, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே எடைபோட வேண்டியவர்களாகக் குழுத் தலைவரும் காவலரும் கோயில் நிருவாகத்தினரும் ஆகிவிடுகின்றனர். எது பக்திப் பாட்டு, எது திரைப்பாட்டு, எது ஆபாசம் என அவர்கள் அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பாட்டை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறைகள் அவர்களுக்கு எந்த அளவுகோலை அளித்துள்ளன?

சொல்லாராய்ச்சியின் எல்லை

திரைப்பாடல் இன்று தமிழ்த்துறைகளுக்குப் புறம்பான பொருளன்று. கவிஞர் ஒருவரின் பாடல்களில் உவமை, உருவகம், சமுதாயச் சிந்தனை, பெண்ணியம் எனத் தலைப்பிட்ட ஆய்வேடுகள் பல உள்ளன. அவற்றின் முறை பெரும்பாலும் ஒன்றே. பாடல் வரிகள் அச்சிட்ட தொகுப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. அணியும் கருத்தும் வகைப்படுத்தப்படுகின்றன. இசையமைப்பாளர் பெயர் அடைப்புக்குறிக்குள் வந்தால் உண்டு, பாடியவர் பெயர் அதுவும் இல்லை.

இம்முறையில் மெட்டுக்கு எழுதிய பாட்டும் எழுதிய பின் மெட்டமைத்த பாட்டும் வேறுபாடின்றி ஒன்றாகின்றன. முன்னதில் அசையும் சீரும் இசையமைப்பாளர் தந்த கட்டுக்குள் நிற்கின்றன. பின்னதில் இசை சொல்லைப் பின்தொடர்கிறது. இசையில் குறில் நீள்வது குற்றமன்று. இன்னிசை அளபெடையை இலக்கணமே ஏற்கிறது. எனினும் நீண்ட குறில் 'மலை'யை 'மாலை'யாகவும் 'கலை'யைக் 'காலை'யாகவும் கேட்கச் செய்யுமாயின், அது மதிப்பீட்டில் இடம்பெற வேண்டிய குறை. அச்சுப் பக்கத்தில் இக்குறை தென்படாது. அதேபோல், எளிய சொல்லொன்று குரலின் ஏற்றத்தால் பெறும் பொருளும் அச்சில் புலப்படாது.

பொருளற்ற சொல் முன்னிற்கும் பாட்டில் இந்த எல்லை மேலும் தெளிவாகும். 'காதலில் விழுந்தேன்' (2008) படத்துக்காக விஜய் ஆண்டனி இசையமைத்த 'நாக்க முக்க' என்னும் பாட்டின் தொடக்கச் சொற்களுக்கு அகராதிப் பொருள் தேடுவதில் பயனில்லை. அவை பறையடியின் சொற்கட்டுப் போன்றவை. நாட்டுப்புறப் பாடகர் சின்னப்பொண்ணுவின் குரலும் தாளமும் சேர்ந்தே அப்பாட்டு. சொல்லை மட்டும் எடைபோடுபவர் இதனைச் சுழியம் என்பார். தெருவில் கேட்டவர் அவ்வாறு கூறார்.

தண்டி தரும் நால்வகை

தண்டியலங்காரப் பொதுவணியியல், செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டுகள் ஒருவினை கொண்டு முடிவது குளகம். பாடியோர், பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றால் தொகுக்கப்படுவது தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ தொடர்ந்து செல்வது தொடர்நிலை.

இவ்வகைமையை இன்றைய பாட்டுக்குப் பொருத்துவது வலிந்து செய்வதாகாது. திரைப்படத்தின் பாட்டு தொடர்நிலையின் உறுப்பு. இசைத்தொகுப்பின் பாட்டு தொகைநிலையின் உறுப்பு. தனியே வெளியிடப்படும் பாட்டு முத்தகம். ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' (1997) தொகைநிலைக்குச் சான்று. நாடு என்னும் பொருளால் அது தொகுக்கப்பட்டது. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021இல் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' முத்தகத்துக்குச் சான்று. ஒப்பாரியின் இழையும் நிலமிழந்தோரின் நினைவும் அந்த ஒரு பாட்டுக்குள்ளேயே தொடங்கி முடிகின்றன.

வகை மாறினால் அளவுகோலும் மாற வேண்டும். தொடர்நிலையின் உறுப்பைக் கதையில் அது ஆற்றும் பணியைக் கொண்டும், முத்தகத்தை அதன் தன்னிறைவைக் கொண்டும் மதிப்பிடுதல் முறை. திறனாய்வில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இவ்விரண்டும் மயங்குவதால் வருபவை. படம் தோற்றதால் பாட்டைப் புறக்கணிப்பதும், பாட்டுப் புகழ் பெற்றதால் படத்தில் அது பொருந்தியதாகக் கொள்வதும் ஒரே மயக்கத்தின் இரு முகங்கள்.

ஒரு பாட்டே வகை மாறுவதும் உண்டு. இளையராஜா இசையமைத்த 'நிழல்கள்' (1980) படத்தில், வாய்ப்புக்கு ஏங்கும் இசைக்கலைஞன் ஒருவனின் கனவாக வரும் பாட்டு, மலேசியாவின் யோகி பி மற்றும் நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' (2006) தொகுப்பில் சொல்லிசையாக மறுவடிவம் பெற்றது. முன்னதில் பாட்டின் மகிழ்ச்சி முழுவதும் நிறைவேறாத கனவு என்பதால், கதையறிந்து கேட்பவருக்கு அதில் துயரம் ஊடாடும். பின்னதில் அத்துயரத்துக்கு இடமில்லை. அதன் பொருள் குழுவினரின் தன்னறிவிப்பு. மெட்டின் உறவைக் கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கூறுவது, அடியொற்றுமை கொண்டு இரு வேறு செய்யுள்களை ஒன்றெனக் கூறுவதற்கு நிகர்.

துறைக்குறிப்பின் தேவை

தொடர்நிலையிலிருந்து பிரிந்த பாட்டுக்குச் சூழலை மீட்டுத் தருவது யார்? சங்கத் தொகை நூல்கள் இதற்கு வழி காட்டுகின்றன. புறநானூற்றுப் பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் ஆகிய குறிப்புகள் உள்ளன. அக்குறிப்புகளுடன் உரையாசிரியரும் ஆய்வாளரும் மாறுபடலாம். ஆனால் குறிப்பில்லாத பாட்டைக் காட்டிலும் குறிப்புள்ள பாட்டையே நாம் நுட்பமாகப் படிக்கிறோம்.

இன்று ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் ஓடும் பாட்டு துறைக்குறிப்பு இழந்த பாட்டு. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், படம், காட்சி, ஆண்டு ஆகியவை உதிர்ந்து, மெட்டு மட்டும் எஞ்சுகிறது. 2002இல் பிபிசி உலக சேவை நேயர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், 'தளபதி' (1991) படத்தின் ராக்கம்மா பாட்டு நான்காம் இடம் பெற்றது. இளையராஜாவின் இசையில் வாலி எழுதிய அப்பாட்டின் இடையே அப்பரின் தில்லைப் பதிகப் பாடல் ஒலிக்கிறது. வாக்கெடுப்பு தருவது புகழின் அளவு. பாட்டின் அமைப்பைப் பற்றி அது எதுவும் கூறாது. பக்திப் பாட்டு மட்டும் என்னும் விதியின் முன் இதனை வைத்தால், ஆட்டப் பாட்டாகத் தொடங்குவதால் விலக்குவதா, தேவாரம் உள்ளதால் ஏற்பதா? விதியால் விடை கூற இயலாத இடத்தில் திறனாய்வு தொடங்குகிறது.

வண்ணமெட்டும் குரலும்

திரைமெட்டில் அம்மன் பாட்டு எழுதுவதைத் தாழ்ந்த போலி என்று ஒதுக்குவோர் உளர். பிறிதொரு பாட்டின் மெட்டை ஏற்றுப் பாடுவது தென்பாண்டி நாட்டுக்குப் புதிதன்று. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் வழக்கிலிருந்த வடிவத்தைக் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கிப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், காவடி எடுப்போரின் நடைக்கேற்ற சிந்தைக் கழுகுமலை முருகனுக்கு உரிய இலக்கியமாக்கினார். எட்டயபுரத்துப் பாரதி, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர மெட்டுகளில் அரசியல் பாட்டு எழுதினார். இம்மூவரும் கேட்போர் செவியில் முன்பே இருந்த இசையைப் புதிய பொருளுக்குத் திருப்பினர்.

ஆகவே மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், பழைய பாட்டின் நினைவைப் புதிய சொல் என்ன செய்கிறது என்பதே மதிப்பீட்டுக்குரிய வினா. பாரதியின் மெட்டுத்தேர்வில் நந்தனின் அடிமைநிலை அரசியல் அடிமைநிலைக்குள் எதிரொலிக்கிறது. காதலியை அழைக்கும் திரைமெட்டில் தாயை அழைக்கும் சொல் அமையும்போது, அழைப்பின் ஏக்கம் ஆழமாகலாம். பழைய காட்சியே முன்வந்து புதிய சொல்லை மூடிவிடவும் கூடும். முன்னது வெற்றி, பின்னது தோல்வி. எது நிகழ்ந்தது என்பதைப் பாட்டுதோறும் கேட்டே கூற இயலும்.

குரலுக்கும் இது பொருந்தும். 'பணமா பாசமா' (1968) படத்தில் இலந்தைப்பழம் விற்கும் பெண்ணின் பாட்டைப் பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி. இருபொருள் படுவதாகக் குறை கூறப்பட்ட பாட்டு அது. அவரே பாடிய அம்மன் பாடல்கள் இன்றும் ஆடி மாத ஒலிபெருக்கியின் அடையாளம். அதே தடித்த, உரத்த, கூட்டத்தைத் தன்பக்கம் திருப்பும் குரல் இரண்டிலும் உள்ளது. திரைக்குரல் என்று ஒன்றையும் பக்திக்குரல் என்று ஒன்றையும் பிரிக்க முயல்பவர் இங்குத் தடுமாறுவர். சந்தையில் கூவும் குரல்தான் கோயில் வாசலில் அம்மனையும் கூவி அழைக்கிறது.

ஆபாசம் என்னும் அளவுகோல்

காமச் சுவை இருப்பதே குற்றமென்றால் நாச்சியார் திருமொழியை எங்கு வைப்பது? சுவையின் இருப்பைக் கொண்டு தீர்ப்புக் கூறுவது தமிழ் மரபுக்கு ஒவ்வாது. மாறாக, பாட்டினுள் பேசுவது யார், பேசப்படுவது யார், பேசப்படுபவருக்கு அப்பாட்டில் மறுமொழி உண்டா எனக் கேட்கலாம். ஆண்டாள் தன் வேட்கையைத் தானே கூறுகிறாள். பெண்ணுடலை உறுப்புறுப்பாக எண்ணி, அவளுக்கு வாயே இல்லாதபடி அமைந்த பாட்டு, அதில் இழிசொல் ஒன்றும் இல்லாவிடினும், மதிப்பீட்டில் கீழிறங்கும். பெண் வேடம் புனைந்த ஆடவர் பலர் ஆடும் தசராத் தெருவில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது: அவ்வேடம் அம்மனின் உருவாக நிற்கிறதா, நகைப்புக்குரிய உடலாக ஆக்கப்படுகிறதா என்பதைப் பாட்டே பெரிதும் தீர்மானிக்கிறது. இடமும் கேட்போரும் மாறும்போது பாட்டின் பொருளும் மாறும் என்பதால், திரையரங்கில் ஏற்ற பாட்டைக் கோயில் தெருவில் விலக்குவதில் முரண்பாடு இல்லை. ஆனால் விலக்குவோர் காரணம் கூற வேண்டும்.

வெகுமக்கள் பாட்டு வணிகப்பொருள், சில திங்களில் மறையும், அதற்கு இத்துணை நுட்பம் எதற்கு என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. மறைவது எது, நிலைப்பது எது என்பதை முன்கூட்டி அறிய முடியாது. மேலும், காப்புக் கட்டிய அடியவருக்கு அப்பாட்டு வழிபாட்டின் உறுப்பு. அதனை அளவுகோலின்றித் தடுப்பதும் அளவுகோலின்றி ஏற்பதும் அவருக்கு இழைக்கும் அநீதியே.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் தனிப்பாட்டு மதிப்பீட்டுக்கு நான்கு வினாக்கள் பெறப்படுகின்றன. அப்பாட்டு முத்தகமா, தொகையின் உறுப்பா, தொடர்நிலையின் உறுப்பா? மெட்டும் சொல்லும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா? குரல் சொல்லுக்கு எதனைச் சேர்க்கிறது? ஒலிக்கும் இடத்தில் அப்பாட்டு யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது?

திரைப்பாடல் ஆய்வேடுகள் இனி ஒலிப்பதிவையே மூலபாடமாகக் கொள்ள வேண்டும். அச்சுவரி துணைப்பாடமாக அமையலாம். தசராக் குழுக்கள் பாடும் பாட்டுகளை, மூலமெட்டு, இயற்றியவர், குழு, ஊர், ஆண்டு ஆகிய துறைக்குறிப்புகளுடன் பதிவு செய்யும் பணியை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். அப்பதிவு இருந்தால், ஒரு பாட்டை நிறுத்தச் சொல்பவரிடம் குழுத் தலைவர் காரணம் கேட்க முடியும். காரணம் சொல்ல வேண்டியவருக்கும் அதற்கான சொற்கள் கிடைக்கும்.