பழைய வண்டியின் அடித்தகடும் கறுப்புப் பூச்சும்

மழைக்காலம் நெருங்கியதும் கொச்சியின் கொச்சங்காடியிலும் சுற்றியுள்ள மட்டாஞ்சேரித் தெருக்களிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் ஒரு வேலை செய்கிறார்கள். வண்டியைக் கொண்டுபோய் விட்டு, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்து வாங்கி வருகிறார்கள். 'இனி அஞ்சு வருஷத்துக்குத் துரு பக்கத்துல வராது' என்று கோட்டிங் அடிப்பவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். கேட்டவரும் நிம்மதியாகத் திரும்புகிறார். புது வண்டிக்கு இந்தப் பூச்சு நல்லது. அதில் எனக்கு மறுப்பில்லை. பதினைந்து, இருபது வருடம் தாண்டிய மாருதி 800க்கும் பத்மினிக்கும் அம்பாசடருக்கும், இருக்கிற துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிக்கும்போது இது கேடு செய்கிறது. இந்தப் பழக்கத்துக்குத் துணையாகச் சொல்லப்படும் வாதங்கள் எதுவும் நிற்காது என்பதே என் கட்சி.

'துரு பனி பெய்யும் நாட்டுப் பிரச்சினை. அங்கேதான் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், நமக்கேது' என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் பனிக்கட்டியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவது உண்மை. கொச்சங்காடியில் யாரும் தூவ வேண்டியதில்லை. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல், இடையில் ஒரு துண்டு நிலம். கடற்காற்று எந்நேரமும் உப்பைச் சுமந்து வருகிறது. ஓதம் உயரும் நாட்களில் தாழ்ந்த தெருக்களில் ஓடை வழியே உப்புநீர் மேலேறுகிறது. வேலியேற்றம் என்பார்கள் இங்கே. கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று ஓட்டிக் கடப்பவர், காயல் நீரைத் தன் வண்டியின் அடியில் தானே வாரி இறைத்துக்கொள்கிறார். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் மீன் வண்டிகளிலிருந்து சாலையில் ஒழுகுகிறதே, அதுவும் உப்புநீர்தான்.

உப்பு வந்து படிவதைவிட, படிந்த உப்பு காயாமல் கிடப்பதே பெரிய தொல்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு போதும். கொச்சியில் அந்த அளவுக்குக் காற்று உலரும் நாள் மிக அபூர்வம். வருடத்தில் ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. மழையே இல்லாத மாசியிலும் உப்புப் படிந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்துகொண்டே இருக்கும். வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் துருப்பிடிக்கும் வேகம் தணிகிறது. முப்பது டிகிரி வெயிலில் நிற்கும் நம் வண்டிக்கு வருடத்தில் ஒரு மாதம்கூட அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

அடுத்த வாதம்தான் கோட்டிங் வியாபாரத்தின் உயிர்நாடி. 'துருவுக்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும். இரண்டையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் துரு செத்துப் போகும்.' கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் துரு என்பது நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள். நீரையும் உப்பையும் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். அதிலுள்ள குளோரைடு செலவாகித் தீர்வதுமில்லை. இரும்பைக் கரைக்கிறது, விடுபடுகிறது, மறுபடி அடுத்த இரும்பைக் கரைக்கப் போகிறது. மேலே எதை அடித்தாலும் எதிரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறான். பூச்சும் முழுமையான அடைப்பு இல்லை. தார் கலந்ததோ ரப்பர் கலந்ததோ, எல்லாப் பூச்சும் நீராவியை மெல்ல மெல்ல ஊடுருவ விடும். அடியில் இருக்கும் உப்பு அந்த நீரைத் தன் பக்கம் இழுக்கும். அங்கங்கே கொப்புளம் எழும். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் பூச்சைத் தகட்டிலிருந்து நெம்பித் தூக்கும். எக்சாஸ்ட் பைப்பின் சூடு பட்டுப் பட்டு இறுகிப்போன பூச்சில் ஒரு கல் தெறித்தால் போதும், விரிசல் விழும். அதன் வழியே போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. திறந்து கிடக்கும் தகடாவது வெயிலில் கொஞ்சம் காயும். பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கிய தண்ணீர் காயவே காயாது.

கொச்சங்காடியிலேயே இரும்புக்கு நேரெதிரான ஒரு உலோகத்தின் பெயரைத் தாங்கிய கட்டடம் இருக்கிறது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் பெயர்பெற்ற பழைய பள்ளிவாசல், செம்பிட்டபள்ளி. செம்பின் மேல் படியும் களிம்பு இறுக்கமாக ஒட்டி, அடியில் உள்ள செம்பைக் காக்கிறது. இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கைத் திறந்து கொடுக்கிறது. ஆகவே 'மேல்துரு அப்படியே இருக்கட்டும், அதுவே ஒரு காப்பு' என்று யாராவது சொன்னால், அவர் செம்புக்குச் சொல்ல வேண்டியதை இரும்புக்குச் சொல்கிறார்.

கப்பல் வேலை தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். காயலுக்கு அக்கரையில் 1972 முதல் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் மேற்குக் கொச்சியில் நிறைய உண்டு. கடலில் ஓடும் கப்பலின் அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் கூர்மையான துகள்களை அழுத்தத்தில் பீய்ச்சி, தகடு வெளிறும்வரை துருவை உரிப்பார்கள். இதற்கென்று எஸ்ஏ 2½ என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட தரமே உண்டு. கப்பலில் செய்யாததைக் காரில் செய்தால் பலிக்கும் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது?

டிங்கர் பட்டறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பழைய மாருதியை ராம்ப்பில் ஏற்றியிருந்தார்கள். அடிப்பக்கம் மினுமினுவென்று கறுப்பாக, குறையே சொல்ல முடியாதபடி இருந்தது. டிங்கர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன்சக்கரத்துக்குப் பின்னால், ஜாக்கி வைக்கும் இடத்தில் லேசாகக் குத்தினார். சத்தமே இல்லாமல் கைப்பிடி வரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது கறுப்புத் தோல் ஒரு அப்பளம் அளவுக்குப் பெயர்ந்து வந்தது. அதன் பின்புறம் செம்மண் போல ஈரத் துரு. 'சாரே, இங்க தகடு இல்ல. கோட்டிங் மட்டும்தான் நிக்குது' என்றார் மலையாளம் கலந்த தமிழில். ரன்னிங் போர்டின் அடியில் கம்பெனிக்காரன் விட்டிருந்த வடிகால் துளைகள் எல்லாம் அதே பூச்சில் அடைந்து கிடந்தன. ஒன்றைக் குத்தித் திறந்ததும் பழுப்பு நீர் சொட்டியது. உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள். அவற்றை அடைத்த பூச்சு, காக்க வந்த தகட்டை உள்ளிருந்து அழுக வைத்துவிட்டது.

'காசு செலவழிப்பானேன், கரி ஆயிலை அடித்து விட்டால் போதும்' என்பவர்கள் இன்னொரு கட்சி. இதில் பாதி உண்மை உண்டு. எண்ணெய் துருவுக்குள் ஊறும், நீரை விலக்கும். கெட்டியான பூச்சைவிட அந்த வகையில் மேல். ஆனால் இன்ஜினில் வெந்து இறங்கிய ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் புற்றுநோய் உண்டாக்கும் கரிமப் பொருள்களும் கலந்திருக்கின்றன. சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். அடுத்த மழையில் வழிந்து ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து காயலுக்கு. அபாயகரமான கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடக்கம். மீனை நம்பி வாழும் ஊரில் அதைத் தெருவில் சொட்ட விடுவது எனக்கு ஒப்பவே இல்லை. லனோலின் எனும் ஆட்டு ரோமக் கொழுப்பு கலந்ததும் மெழுகு கலந்ததுமான துருத்தடுப்பு எண்ணெய்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஊறும் குணம் அவற்றுக்கும் உண்டு, கரி ஆயிலின் நஞ்சு இல்லை.

'அந்தக் காலத்து இரும்பு கெட்டி இரும்பு' என்ற பெருமைப் பேச்சும் உண்டு. தில்லி இரும்புத் தூணைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்தத் தூணில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு காப்புப் படலம் உருவானது என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். அம்பாசடரின் தரைத் தகடு அந்த இரும்பு இல்லை, சாதாரண மென்னெஃகுதான். அம்பாசடருக்கு ஜீப் போலத் தனிச் சேசிஸ் இருப்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் போலவே அதற்கும் உடலே சேசிஸ். பத்மினியும் மாருதி 800ம் அப்படியே. தரையும் ரன்னிங் போர்டும் துருவில் போனால் அலங்காரம் போகவில்லை, வண்டியின் எலும்பே போகிறது. சீட் பெல்ட் பிடித்து நிற்பதும் அந்தத் தகட்டில்தான். பிரேக் பைப் ஓடுவதும் அதன் அடியில்தான்.

பேட்டரியில் இணைக்கும் 'துருத்தடுப்பு மின்கருவி' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மின்சாரத்தால் இரும்பைக் காப்பது நீரில் மூழ்கியிருக்கும் கப்பலுக்கும் மண்ணில் புதைந்த குழாய்க்கும் நடக்கும். காற்றில் நிற்கும் காருக்கு மின்சுற்று முழுமையாவதே இல்லை.

'அடியில் தண்ணீர் அடிக்காதே, துரு கூடும்' என்பதும் தவறு. உப்பைக் கழுவ நன்னீரைவிட நல்ல மருந்து கிடையாது; ஓதநீரில் போய் வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். சர்வீஸ் செய்யும் இடத்தில் குழாய்த் தண்ணீரா போர்த் தண்ணீரா என்று கேளுங்கள். போர்த் தண்ணீர் என்றால் வீட்டுக் குழாயும் ஒரு ஹோஸும் மேல்.

மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்குவது நல்லது. மழை தொடங்கியபின் பூசினால் ஈரத்தையும் சேர்த்தே பூசுவோம். முதலில் பழைய பூச்சைச் சுரண்டி, சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி வைத்து மூடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றியே ஆக வேண்டும். மிச்சத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்னீரில் கழுவி, நன்றாகக் காய விட்டு, குழிகளுக்குத் துருமாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) தடவி, எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கறுப்புக் கோட்டிங் அடித்தால் அது உண்மையிலேயே வேலை செய்யும். ரன்னிங் போர்டின் உள்ளே, கதவின் அடியில், ஸ்டெப்னி குழியின் மடிப்புகளில் நீண்ட குழல் வைத்து மெழுகு எண்ணெயைப் பீய்ச்சி, வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஒரு மெல்லிய கம்பியை வாங்கி வடிகால் துளை ஒவ்வொன்றிலும் நீங்களே விட்டுப் பாருங்கள். ஒன்று அடைந்திருந்தாலும் அங்கேயே திறக்கச் சொல்லுங்கள்.