எஞ்சின் மாறினால் வயரும் மாற வேண்டும்

மாட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற மணப்பாறையிலும் இன்று உழவுக்கு டிராக்டர்தான். புது வண்டி வாங்க வசதியில்லாத விவசாயிகள், பழைய டிராக்டருக்கு வேறு எஞ்சின் ஏற்றி ஓட்டுகிறார்கள். வைக்கோல் ஏற்றும் பழைய லாரிகளிலும் இதே கதைதான். சிக்கனமான வழி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், எஞ்சினுக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள், பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் வயரில் மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பழைய வண்டிகளின் டைனமோ தந்தது 10 முதல் 20 ஆம்பியர் வரைதான். வயரும் ஆம்பியர் மீட்டரும் அதற்கேற்ற அளவில் இருந்தன. மாற்றிய எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியரும் அதற்கு மேலும் தரும். பழைய முறையில் சார்ஜ் முழுவதும் டேஷ்போர்டு மீட்டர் வழியாகவே பேட்டரிக்குப் போகும். அதை அப்படியே விட்டால் மீட்டரின் இணைப்புகள் சூடேறிக் கருகும்.

விளக்குக் கணக்கையும் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 55 வாட் விளக்கு நான்கு எரிந்தால் 18 ஆம்பியருக்கு மேல் ஓடும். 4 மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மி.மீ. வயரில் ஏறக்குறைய 0.9 வோல்ட் வீணாகும். விளக்கு மங்கும், வயர் சுடும். 6 சதுர மி.மீ. வயர் என்றால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும்.

செய்ய வேண்டியவை சில. ஆல்டர்னேட்டர் சார்ஜ் வயரைத் தடிமனாக, நேராகப் பேட்டரிக்குக் கொண்டு செல்லுங்கள். டேஷ்போர்டுக்குத் தனி வயர் இழுத்து, பேட்டரியின் அருகிலேயே பியூஸ் போடுங்கள். 6 சதுர மி.மீ. வயருக்கு 30 ஆம்பியர் போதும். ஆம்பியர் மீட்டருக்குப் பதில் வோல்ட் மீட்டர் வையுங்கள். தகடு துளைக்குள் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே எர்த் பட்டையைப் பெயின்ட் சுரண்டி இறுக்குங்கள். வீட்டு வயரிங்குக்கான வயர் வேண்டாம். வண்டி அதிர்வில் இழை முறியும்.

"பியூஸ் போனால் நடுவழியில் நிற்க வேண்டுமே" என்று சிலர் அந்த இடத்தில் கம்பியை முறுக்கிவிடுகிறார்கள். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. வைக்கோல் பாரத்தோடு தீப்பிடிப்பதைவிட, வழியில் நிற்பது மேல். மங்கிய பின்விளக்கோடு திருச்சி–திண்டுக்கல் சாலையில் இரவில் போகும் டிரெய்லர், பின்னால் வருபவரின் உயிரோடும் விளையாடுகிறது.

இதை விவசாயியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. கிராமத்து மெக்கானிக்குக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையும் குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து, மணப்பாறை போன்ற ஊர்களுக்கே வந்து மெக்கானிக்குகளுக்கு ஒருநாள் பயிற்சி தரலாம். புது இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கும் அரசு, பழைய இயந்திரத்தைப் பாதுகாப்பாக ஓட்டுபவரையும் கொஞ்சம் கவனிக்கட்டும்.