ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கலாம், வாட்சை?

தறிக்குழியில் இறங்குமுன் ஸ்மார்ட் வாட்சைக் கழற்றித் தறிக்கம்பத்தில் மாட்டிவிடுவேன். பட்டையின் கொக்கி பாவில் பட்டால் இழை அறுந்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது தப்புக் கணக்குப் போடும். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. நாடாவை எறிவதையும் பலகையை இழுத்து அடிப்பதையும் அது நடை என்று எண்ணிக்கொள்கிறது. வாங்கிய புதிதில், குழியை விட்டு எழாத ஒரு நாளில் ஏழாயிரம் அடி நடந்ததாகக் காட்டியது. சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன டாக்டரிடம் அந்தக் கணக்கைக் காட்ட மனம் வரவில்லை. அன்றிலிருந்து, சாயங்காலம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோயில் வரை நடந்து திரும்பும்போது அது காட்டும் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2021-ல் என் மகள் வாங்கித் தந்தது அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போன் பூட்டும் வேலையில் இருக்கிறாள். முதல் போனஸ் பணத்தில் வாங்கினாள். அப்போது ஒருமுறை சார்ஜ் போட்டால் ஏழு நாள் வரும். போன வருஷம் அது ஒன்றரை நாளாகிவிட்டது. "அப்பா, இதத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கலாம்ப்பா, எவ்ளோ மாடல் வந்துடுச்சு" என்று கடைக்குக் கூட்டிப்போனாள்.

கடையில் இருந்த பையன் நல்ல பையன்தான். திரை பெரிது என்றான், கையிலிருந்தே போன் பேசலாம் என்றான். நான் அசையவில்லை என்று கண்டதும் வேறொரு பெட்டியைத் திறந்து, "ஐயா, இது ஊசி குத்தாமலே சுகர் பார்க்கும்" என்றான். பதினோரு வருஷமாக விரலைக் குத்திக்கொள்கிறவனுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும்! வாங்கிவிடத்தான் இருந்தேன். மகள்தான் போனில் தேடிப் பார்த்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்சையோ மோதிரத்தையோ நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. அப்படி ஒரு வாட்சுக்கும் அது அனுமதி தந்திருக்கவில்லை. இதில் வரும் ஆபத்து சின்னதல்ல. தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொள்பவர் மயங்கி விழுவார், உயிரும் போகலாம். புது மாடலை விற்பதற்காக இப்படிச் சொல்வதை வியாபாரம் என்று என்னால் விட்டுவிட முடியாது.

வாட்ச் நாடித்துடிப்பை அளப்பது வேறு விஷயம். அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அந்த வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் உறிஞ்சும் அளவு கூடிக் குறைவதை வைத்து எண்ணுகிறது. என் பழைய வாட்ச் இதை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. எண்ணிப் பார்த்தால் அதில் கெட்டது பேட்டரி ஒன்றுதான். லித்தியம் பேட்டரி ஏற்றி இறக்க ஏற்றி இறக்கத் தேய்ந்துதான் போகும். ஆப்பிள் நிறுவனமே தன் வாட்சுக்கு ஆயிரம் முறை முழு சார்ஜுக்குப் பிறகு எண்பது சதவீதக் கொள்ளளவு என்றுதான் கணக்குச் சொல்கிறது. சரி, பேட்டரியை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அதுக்கு பேட்டரி வராது சார், புதுசா எடுத்துக்கோங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு உறுத்தியது அந்தப் பதில்தான். என் தறி என் அப்பா காலத்தது. அச்சு தேய்ந்தால் அச்சை மாற்றுவோம், விழுது போனால் விழுதை மாற்றுவோம், டிசைன் மாறினால் ஜக்கார்டு அட்டையை மாற்றுவோம். ஒரு நாடா உடைந்தது என்பதற்காகத் தறியையே கழற்றி வீசுகிறவன் இந்தத் தெருவில் உண்டா?

நான் நெய்யும் புடவையை வாங்குகிறவர் கடையில் நின்றே அதைச் சோதிக்கலாம். ஜரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும். அதன்மேல்தான் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். வெள்ளையாக நூல் தெரிந்தால் போலி. பட்டு அசலா என்று பார்க்க மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. முப்பது வருஷம் கழித்துப் புடவை நைந்துபோனாலும், ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக அதை எடைபோட்டு வாங்க எங்கள் ஊரில் ஆள் உண்டு.

வாட்சில் தங்கமே இருந்தாலும் இந்தக் கதை நடக்காது. 2015-ல் ஆப்பிள் பதினெட்டு காரட் தங்கத்தில் ஒரு வாட்ச் விட்டது. தொடக்க விலை பத்தாயிரம் டாலர். 2018-ல் வந்த புது மென்பொருள் அந்த முதல் தலைமுறை வாட்ச் எதிலும் ஏறவில்லை, தங்கத்திலும் ஏறவில்லை. மூன்றே வருஷம். வாங்கும்போது பெட்டியில் அந்த ஆயுள் அச்சிட்டிருந்ததா?

புது வாட்சே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மச்சானுக்கு அவ்வப்போது நெஞ்சு படபடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அடங்கிவிடும். இசிஜி எடுக்கும் வாட்ச் ஒன்று இருந்தால், படபடப்பு வரும் நேரத்திலேயே பதிந்து தன்னிடம் காட்டலாம் என்று அவருடைய டாக்டர் சொன்னார். "வாங்குங்க மச்சான், யோசிக்காதீங்க" என்றேன் நான். பழைய வாட்ச் செய்யாத ஒரு வேலை, அவருக்குத் தேவையான வேலை. அதேபோல், கையில் மெசேஜும் ஓடிபியும் வந்து விழும் வாட்சுக்குக் கம்பெனி பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டால் மாற்றத்தான் வேண்டும். எனக்கு இரண்டுமே இல்லை. புது வாட்சுக்கான நாலாயிரம் ரூபாய் எனக்கு ஐந்தாறு நாள் தறிக்கூலி. திரை கொஞ்சம் பெரிது என்பதற்காக அதைக் கொடுக்க மாட்டேன்.

பிரான்ஸில் 2021 ஜனவரியில், போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின் போன்றவற்றை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மார்க் என விலைச்சீட்டின் பக்கத்திலேயே போட்டாக வேண்டும் என்று விதி வந்தது. நம் நுகர்வோர் விவகாரத் துறையும் இந்த வழியில் இறங்கியிருக்கிறது. பழுதுநீக்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். இப்படியொரு குறியீடு கொண்டுவருவது பற்றி ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதில் முதலிடம் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும். கையில் கட்டும் வாட்சையும் அதே பட்டியலில் சேருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. பெட்டியின் மேல் மூன்று விவரம் போதும்: பேட்டரி மாற்ற முடியுமா, மாற்ற என்ன செலவு, எந்த வருஷம் வரை அப்டேட் வரும். நெசவாளி தன் சரக்குக்கு முத்திரை வாங்கி ஒட்டுகிறான். பெரிய கம்பெனிகளால் மூன்று வரி அச்சிட முடியாதா?

என் வாட்சைக் கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். ஒட்டியிருந்த கண்ணாடியைச் சூடு காட்டிப் பிரித்து, அதே அளவில் ஒரு பேட்டரியைத் தேடிப் பிடித்துப் போட்டுத் தந்தார். நானூற்று ஐம்பது ரூபாய். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், தீப்பிடிக்கும் என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார். ஒரே ஒரு குறை: பிரித்து ஒட்டியதால் இனி தண்ணீர் படக்கூடாது. கை கழுவும்போது கழற்றி வைக்கிறேன். சார்ஜ் ஐந்து நாள் நிற்கிறது.

கடைக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புது மாடலின் விலையைக் கேட்குமுன், கையில் இருப்பதன் பேட்டரியை மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.